கடைசி நாளில் வரும் அழைப்பு: மின்துறைச் சீர்திருத்தம் குறித்து வாசகர் கேள்விகள்

வளரும் நாடுகளில் மின்துறை சீர்திருத்தப்படும்போது நுகர்வோருக்கு அதில் உண்மையில் எவ்வளவு இடம் கிடைக்கிறது, அந்த இடத்தை எப்படி விரிவாக்குவது என்பது பற்றி வாசகர்கள் சிலர் எழுதியிருந்தனர். ஒன்றோடொன்று தொடர்புடைய அக்கேள்விகளை இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மின்கட்டண உயர்வு குறித்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றில் பேசினேன். பேசியவர்களில் ஒருவர்கூட உயர்வை ஆதரிக்கவில்லை. ஆயினும் கட்டணம் உயர்ந்தது. இந்தக் கூட்டங்கள் கண்துடைப்புத்தானே?

சில கூட்டங்கள் கண்துடைப்புத்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் உங்கள் ஏமாற்றத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கட்டண விசாரணை என்பது வாக்கெடுப்பு அன்று. எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று ஒழுங்குமுறை ஆணையம் எண்ணிப் பார்ப்பதில்லை; மின்நிறுவனம் காட்டும் செலவில் எது நியாயமானது, எது நியாயமற்றது என்று பிரிப்பதே அதன் வேலை. ‘ஏழைகளால் தாங்க முடியாது’ என்ற பேச்சு உண்மையாக இருந்தாலும், எந்தச் செலவை எந்தக் காரணத்துக்காக வெட்ட வேண்டும் என்று அது சொல்லாதவரை, உத்தரவில் ‘ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டது’ என்ற ஒரு வரிக்கு மேல் இடம்பிடிப்பது அரிது.

அதைவிடப் பெரிய சிக்கல் காலத்தைப் பற்றியது. வீடுகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் பகிர்மான நிறுவனத்தின் செலவில் மிகப் பெரிய பகுதி மின்சாரத்தை விலைக்கு வாங்குவதற்கே போகிறது. அந்தக் கொள்முதலோ இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கான ஒப்பந்தங்களால் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் மேடையேறிப் பேசும் நாளில், உங்கள் கட்டணத்தின் பெரும்பகுதி என்றோ முடிவாகிவிட்டிருக்கும். மகாராஷ்டிரத்தின் தபோல் மின்நிலையம் இதற்கு மறக்க முடியாத சான்று. 1993இல் என்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தலைமையில் அமைந்த தபோல் நிறுவனத்துக்கும் மாநில மின்வாரியத்துக்கும் கொள்முதல் ஒப்பந்தம் ஏற்பட்டபோது போட்டி ஏலமும் இல்லை, பொது விசாரணையும் இல்லை. அவ்வளவு பெரிய, அவ்வளவு விலை கூடிய திட்டம் அந்த மாநிலத்தின் தேவைக்குப் பொருந்தாது என்று உலக வங்கியே அதே ஆண்டில் நிதியுதவி மறுத்தது. 1999இல் மின்சாரம் வரத் தொடங்கியது. விலை தாங்காமல் 2001இல் வாரியம் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலைக்கட்டணம் செலுத்தியே ஆக வேண்டும் என்ற வகை நிபந்தனையைக் கையெழுத்துக்குப் பிறகு யார் எங்கே எதிர்த்துப் பேசி என்ன பயன்?

இன்று இந்தியாவில் கொள்முதலை முறைப்படுத்தும் அதிகாரமும் மாநில ஆணையங்களுக்கு 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தால் கிடைத்திருக்கிறது. கொள்முதலுக்கு ஒப்புதல் கேட்கும் மனு, முதலீட்டுத் திட்ட மனு ஆகியவற்றின் மீதும் கருத்துச் சொல்லலாம். அந்த விசாரணைகளுக்குப் போகாமல் கட்டண விசாரணைக்கு மட்டும் போவது, சமையல் முடிந்த பிறகு உப்பின் அளவைப் பற்றி யோசனை சொல்வதைப் போன்றது.

கேள்வி: நிறுவனங்கள் தாக்கல் செய்யும் கட்டண மனு நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கிறது. பொறியியலோ கணக்கியலோ படிக்காத ஒருவர் அதில் எதைப் பார்ப்பது?

முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. மூன்று அட்டவணைகளைத் தேடிப் பிடித்தால் போதும்: மின்கொள்முதல் செலவு, மின்இழப்பு, மீட்டர் இல்லாத இணைப்புகளின் பயன்பாட்டு மதிப்பீடு. கொள்முதலைப் பற்றி மேலே சொல்லிவிட்டதால் மற்ற இரண்டையும் விளக்குகிறேன்.

இழப்பை எடுத்துக்கொள்வோம். நிறுவனம் 100 யூனிட் வாங்கி, அதில் 20 யூனிட் கம்பிகளில் சூடாகவோ, திருட்டாகவோ, கணக்கில் வராமலோ போய்விடுகிறது என்று வையுங்கள். மீதி 80 யூனிட்டுக்கு மட்டுமே பில் போடப்படுகிறது. அந்த 80 யூனிட்தான் 100 யூனிட்டின் விலையைச் சுமக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு யூனிட்டின் மீதும் கால் பங்கு கூடுதல் சுமை. இழப்பு 15 யூனிட்டாகக் குறைந்தால் அதே சுமை ஏறத்தாழ பதினேழரை விழுக்காடாக இறங்கும். ஆகவே ‘இழப்பை எவ்வளவு வரை நுகர்வோர் தலையில் ஏற்றலாம்’ என்று ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் வைக்கும் வரம்பு, பார்ப்பதற்கு ஒற்றை எண்ணாக இருந்தாலும் கட்டணத்தின் கடிவாளம் அதுதான். சென்ற ஆண்டு என்ன வரம்பு வைத்தார்கள், நிறுவனம் அதை எட்டியதா, எட்டவில்லையெனில் அந்தத் தொகை யார் கணக்கில் எழுதப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

இனி மீட்டர் இல்லாத இணைப்புகள். பல மாநிலங்களில் விவசாயப் பம்புகளுக்கு மீட்டர் இல்லை. அவை இழுக்கும் மின்சாரம் அளக்கப்படுவதில்லை, மதிப்பிடப்படுகிறது. பம்புகளின் எண்ணிக்கை, அவற்றின் குதிரைத்திறன், ஓடிய மணி நேரம் ஆகியவற்றைப் பெருக்கி ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். இங்கேதான் ஒரு வசதியான இருட்டறை உருவாகிறது. திருட்டையும் கசிவையும் விவசாயத்தின் பெயரில் எழுதிவிட்டால் இழப்பு குறைவாகத் தெரியும், மானியம் அதிகமாகத் தெரியும், பழி விவசாயியின் மீது விழும். மகாராஷ்டிரத்தில் 2000ஆம் ஆண்டை ஒட்டி நடந்த முதல் கட்டண விசாரணையின்போது, புனேயைச் சேர்ந்த ‘பிரயாஸ்’ உள்ளிட்ட நுகர்வோர் தரப்பினர் இந்த மதிப்பீட்டைத்தான் துருவினர். கணக்கு திருத்தப்பட்டபோது விவசாயத்தின் பங்கு இறங்கியது. அதுவரை மறைந்திருந்த இழப்பு மேலே வந்தது. இதற்கு உயர்கணிதம் எதுவும் தேவைப்படவில்லை. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே மும்முனை மின்சாரம் வரும் ஊரில் பம்பு எட்டு மணி நேரம் ஓடியதாக மனுவில் எழுதியிருந்தால், அது பொய் என்று சொல்லப் பொறியாளர் தேவையில்லை. அங்கே பயிர் செய்பவர் போதும்.

கேள்வி: மருத்துவத்தை மருத்துவரிடம் விடுவதுபோல மின்துறையையும் வல்லுநர்களிடம் விட்டுவிட்டால் என்ன? பொதுமக்களைக் கூப்பிட்டால் சீர்திருத்தம் தாமதமாகாதா?

மருத்துவர்கூட எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் மருந்து எழுதுகிறார்.

வேகத்தைப் பற்றிய உங்கள் கவலை பொருளற்றது அன்று. ஆனால் கேட்காமல் செய்த சீர்திருத்தங்கள் விரைவாக முடிந்தனவா என்பதைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் மின்வாரியத்தை உற்பத்தி, கடத்தல், பகிர்மானம் எனப் பிரித்து, சுதந்திரமான ஆணையம் அமைத்து, பகிர்மானத்தைத் தனியாருக்கு விற்ற முதல் மாநிலம் ஒடிசா. 1995இல் சட்டம், 1996இல் ஆணையம், 1999இல் நான்கு பகுதிகளாக விற்பனை என்று உலக வங்கியின் உதவியோடும் ஆலோசகர்களின் அறிக்கைகளோடும் வேலை மளமளவென நடந்தது. அடிப்படையாக எடுத்துக்கொண்ட இழப்புக் கணக்கு உண்மையைவிடக் குறைவு என்பது பிறகுதான் வெளிப்பட்டது. 2001இல் அமெரிக்க நிறுவனமான ஏஇஎஸ் தன் பகுதியைக் கைவிட்டு வெளியேறியது; மற்ற மூன்று பகுதிகளின் உரிமங்களும் 2015இல் ரத்தாயின. பிரித்தவற்றை மீண்டும் விற்று ஒழுங்குபடுத்துவதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

பேச இடமில்லாத கோபம் தெருவுக்கு வருகிறது என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஆந்திரத்தில் சீர்திருத்தத்தை ஒட்டி வந்த கட்டண உயர்வை எதிர்த்து 2000 ஆகஸ்டில் ஹைதராபாத் பஷீர்பாகில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டினால் உயிர்கள் போயின. பெரு நாட்டின் அரெகிபா நகரில் 2002 ஜூனில் இரண்டு மின்நிறுவனங்களை விற்க முற்பட்டபோது மூண்ட கிளர்ச்சி, அந்த விற்பனையையே அரசு நிறுத்திவைக்கும் அளவுக்குச் சென்றது.

நீதிமன்றங்களும் குறுக்கிட்டிருக்கின்றன. தாய்லாந்தில் அரசு மின் உற்பத்தி நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோவதற்காக இயற்றப்பட்ட ஆணைகளை, நுகர்வோர் அமைப்பு ஒன்றும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், 2006 மார்ச்சில் உச்ச நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. பொதுமக்களின் கருத்தைக் கேட்டதில் இருந்த குறைபாடும் அதற்கான காரணங்களில் ஒன்று. பிலிப்பைன்ஸ் வழக்கு இன்னும் கூர்மையானது. மணிலா பகுதிக்கு மின்சாரம் வழங்கும் மெரால்கோ நிறுவனத்துக்குத் தற்காலிகக் கட்டண உயர்வை அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. மனு உரிய முறையில் பத்திரிகையில் வெளியிடப்படவில்லை, நுகர்வோரின் கருத்துகளும் பரிசீலிக்கப்படவில்லை என்று சொல்லி 2004இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாததாக்கியது. உயர்வு நியாயமானதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகத் தேவையே ஏற்படவில்லை. கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் மிச்சப்படுத்திய சில வாரங்கள், வழக்கில் பல மாதங்களாகத் திரும்பி வந்தன.

கேள்வி: கருத்துச் சொல்வது உரிமையா, அரசு மனமிரங்கிக் கொடுக்கும் சலுகையா?

எழுதப்பட்ட இடத்தைப் பொறுத்தது. இந்தியாவில் அது உரிமை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி கட்டண மனுவின் சுருக்கம் வெளியிடப்பட வேண்டும். பொதுமக்களின் யோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகே, 120 நாட்களுக்குள் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும். இதற்கு முன்னரே, கொல்கத்தாவின் மின்நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், லட்சக்கணக்கான நுகர்வோரை வரைமுறையின்றிக் கேட்பது நடக்கக்கூடிய காரியமா என்ற வாதம் எழுந்தது. அந்த உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது, அதை ஒழுங்குபடுத்த விதிகள் செய்துகொள்ளலாம் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆனால் எழுதியதை அழிக்கவும் முடியும். வங்கதேசத்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பொது விசாரணை நடத்தியே விலையை நிர்ணயித்து வந்தது. அந்நாட்டு நுகர்வோர் சங்கம் விசாரணைகளில் எண்களைக் காட்டி வாதாடியது. 2022 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம், விசாரணை இல்லாமலே விலையை மாற்றும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. 2023இன் தொடக்கத்தில் அரசாணைகளாலேயே மின்கட்டணம் அடுத்தடுத்து உயர்ந்தது. 2024 ஆகஸ்டில் இடைக்கால அரசு அந்தப் பிரிவை நீக்கியது. விசாரணை நடந்தபோது அதைச் சடங்கு என்று சலித்துக்கொண்டவர்கள்கூட, அது இல்லாத அந்த இடைவெளியில் அதன் மதிப்பை உணர்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். உங்களுடைய சலிப்பையும் இதோடு சேர்த்து எடைபோடுங்கள் என்று முதல் கேள்வியை அனுப்பிய வாசகருக்கும் சொல்லலாம்.

கேள்வி: விசாரணைக்கு வருபவர்கள் தொழிற்சாலைச் சங்கத்தினரும் ஓய்வுபெற்ற அதிகாரிகளுமே. வீட்டுக்கு இணைப்பே இல்லாதவர்களுக்காக யார் பேசுகிறார்கள்?

பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. ‘நுகர்வோர்’ என்ற சொல்லிலேயே அந்த ஓட்டை இருக்கிறது. இணைப்பு இல்லாதவர் நுகர்வோர் அல்லர். இருப்பவர்களுக்குள்ளும் நலன்கள் ஒன்றல்ல. சிறிய வீடுகளுக்குக் கட்டணம் குறைவாக இருக்கத் தொழிற்சாலையிடம் கூடுதலாக வாங்குவதே குறுக்கு மானியம்; அதைக் குறைக்கச் சொல்லித் தொழிற்சாலை கேட்கும். அதைக் குறைத்தால் சிறிய வீட்டின் கட்டணம் ஏறும். இருவரும் ஒரே வரிசையில் ‘நுகர்வோர் தரப்பு’ என்ற பலகையின் கீழ் அமர்ந்திருப்பார்கள். வழக்கறிஞரை வைத்துக்கொள்ளக்கூடியவரின் குரல் உரக்கக் கேட்பதில் வியப்பில்லை.

பிரேசில் இதற்கு ஒரு வழி கண்டது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு பகிர்மான நிறுவனமும் ஒரு நுகர்வோர் குழுவை அமைக்க வேண்டும். வீடு, தொழில், வணிகம், கிராமப்புறம், அரசுத்துறை என்று வகைக்குச் சமமான எண்ணிக்கையில் அதில் உறுப்பினர்கள் இருப்பார்கள். தொழிற்சாலையின் குரல் வீட்டின் குரலை விழுங்காமல் இருக்க இது உதவும். குறை என்னவென்றால், அக்குழுக்கள் ஆலோசனை மட்டுமே கூற முடியும். இந்தியச் சட்டமும் மாநில அளவில் ஆலோசனைக் குழு ஒன்றைச் சொல்கிறது. விவசாயம், தொழிலாளர், நுகர்வோர் ஆகியோருக்கெல்லாம் அதில் இடமுண்டு. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதோ ஆணையம்.

நேபாளத்தில் நடந்தது வேறு வகை. என் கணிப்பில் அதுவே அதிகம் கற்றுக்கொடுக்கிறது. 2003இல் வந்த விதிகளின்படி, ஒரு கிராமத்தார் சங்கமாகக் கூடி மின்விரிவாக்கச் செலவில் 20 விழுக்காட்டைத் திரட்டினால், மீதியை அரசுத் தரப்பு ஏற்கும் என்றிருந்தது. பிறகு மின்சாரத்தை மொத்தமாக வாங்கி, ஊருக்குள் பகிர்ந்து, கட்டணம் வசூலிப்பது அந்தச் சங்கத்தின் பொறுப்பு. இணைப்பில்லாதவர்கள் இங்கே மனு கொடுத்துக் காத்திருப்பவர்களாக இல்லாமல் நிர்வாகிகளாகவே ஆனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொக்கி போட்டால் நட்டம் தங்கள் சங்கத்துக்கே என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இதைப் புகழும்போது ஒன்றை மறக்கக் கூடாது: பணமாகவோ உழைப்பாகவோ அந்தப் பங்கைத் திரட்ட முடியாத ஊர் வரிசையில் பின்தங்கிவிடும்.

கேள்வி: நுகர்வோர் பிரதிநிதிகளுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

நிறுவனம் தன் வழக்கறிஞருக்கும் கணக்காளருக்கும் கொடுக்கும் ஊதியம், கடைசியில் கட்டணத்தில் சேர்ந்து நம்மிடமே வசூலாகிறது. அதாவது நமக்கு எதிராக வாதாடுபவருக்கு நாம் சம்பளம் கொடுக்கிறோம். நமக்காக வாதாடுபவர் சொந்தக் காசில் பேருந்து ஏறி வருகிறார். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், விசாரணையில் பயனுள்ள பங்களித்த நுகர்வோர் தரப்புக்கு அதன் செலவைத் திருப்பித் தர ஆணையமே உத்தரவிடும் ஏற்பாடு இருக்கிறது. வளரும் நாடுகளில் இது அரிது. இந்தியச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, நுகர்வோர் சார்பில் பேச ஒருவரை ஆணையம் அமர்த்தலாம் என்கிறது. அமர்த்த வேண்டும் என்று சொல்லவில்லை. மகாராஷ்டிர ஆணையம் நான்கு அமைப்புகளை அவ்வாறு அங்கீகரித்தது. கர்நாடகத்தில் ஆணையத்துக்குள்ளேயே நுகர்வோருக்கான தனி அலுவலகம் ஏற்பட்டது. வெளிநாட்டு நிதியுதவியில் இரண்டு மூன்று ஆண்டு பயிற்சித் திட்டங்கள் நடத்துவதைவிட, கட்டணத்திலேயே ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்குவது நிலையானது என்பது என் கருத்து. திட்டம் முடிந்ததும் பயிற்சி பெற்றவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். நிறுவனமோ அடுத்த ஆண்டும் மனுவோடு வருகிறது.

கேள்வி: எங்கள் பகுதியில் பத்துப் பேர் சேர்ந்திருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

கட்டணத்திலிருந்து தொடங்காதீர்கள், மின்சாரத்தின் தரத்திலிருந்து தொடங்குங்கள். எப்போது மின்சாரம் போனது, எப்போது வந்தது, குறைந்த அழுத்தம் எந்த நேரத்தில் என்று பத்து வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று மாதம் குறித்து வையுங்கள். முன்பு சொன்ன பிரயாஸ் அமைப்பு, வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் செருகும் சிறு கருவியைக் கொண்டு மின்னழுத்தத்தை நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்து வெளியிட்டு வந்தது. மின்தடை குறைந்துவிட்டது என்று நிறுவனம் அறிக்கை கொடுக்கும்போது, எதிரே வைக்க இன்னொரு கணக்கு இருப்பதுதான் அதன் பயன். உங்கள் நோட்டுப் புத்தகமும் அந்த வேலையைச் செய்யும்.

அடுத்து, குறைகளை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். தீராவிட்டால் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அதன் பிறகு மின்குறை தீர்ப்பாளருக்கும் போகலாம். இரண்டும் சட்டம் கொடுத்த வாயில்கள். தர அளவை எட்டாத நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலே அடுத்த விசாரணையில் உங்கள் முதல் ஆவணமாகலாம்.

கட்டண விசாரணை வரும்போது பத்துப் பேரும் பத்து விஷயம் பேச வேண்டாம். ஒரே ஒரு செலவுத் தலைப்பை எடுத்து, அதை எழுத்தில் கொடுத்து, கூட்டத்தில் மூன்று நிமிடத்தில் முடியுங்கள். உத்தரவு வந்ததும் உங்கள் ஆட்சேபணை எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதற்கு ஆணையம் என்ன காரணம் சொல்லியிருக்கிறது என்று தேடுங்கள். ஏற்காமல் விட்டிருந்தால், சொன்ன காரணத்தை அடுத்த ஆண்டு மனுவோடு ஒப்பிட எடுத்து வையுங்கள். காரணமே சொல்லாமல் விட்டிருந்தால், அந்தப் பக்கத்தின் நகலோடு உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான் அவகாசம்.